அன்றைய கணக்கு அன்றே

புத்தாண்டு பிறக்கும்போதெல்லாம் மனிதன் தானும் புதிதாய்ப் பிறந்துவிட விரும்புகிறான். சுவரில் தொங்கும் நாட்காட்டி மாறுவது போலத் தன் குணமும் ஒரே இரவில் மாறிவிடும் என்று நம்புகிறான். இந்நம்பிக்கை இழிவானதன்று. நல்லவனாக வேண்டும் என்னும் வேட்கையே அதன் வேர். எனினும் வேட்கை வேறு, வழி வேறு. யாம் பல்லாண்டுகள் வேட்கையையே வழியென மயங்கியிருந்தோம். அம்மயக்கம் சிறிது தெளிந்த வரலாற்றை இம்மலரின் வாயிலாக மாணவச் செல்வங்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் சமுதாயப் பெரியோர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

முதற்பக்கத்து உறுதிமொழிகள்

ஆண்டுதோறும் சனவரித் திங்கள் முதல் நாள் காலையில் புதிய நாட்குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எண்ணிட்டு உறுதிமொழிகளை எழுதுவது எம் வழக்கமாக இருந்தது. வைகறைத் தொழுகையைத் தவறவிடாமை, நாளும் ஒரு சங்கப் பாடலைப் படித்தல், உற்றார் இல்லங்களுக்குச் சென்று நலம் உசாவுதல், சினம் தவிர்த்தல் என அப்பட்டியல் நீளும். எழுதி முடித்ததும் அடிக்கோடும் இடுவோம். பாதி நல்லவராகிவிட்ட நிறைவு அப்போதே உண்டாகிவிடும்.

முதல் வாரம் எல்லாம் செவ்வனே நடைபெறும். இரண்டாம் வாரத்தில் ஒன்று தவறும். ஒன்று தவறியதும் மற்றவையும் துணைக்குச் செல்லும். பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறக்கும்போது அம்முதற்பக்கத்தைக் காணவே கூச்சமாக இருக்கும். அதனைப் பாராமல் நேரே அன்றைய தேதிக்குப் புரட்டும் கலையை எம் விரல்கள் தாமாகவே கற்றுக்கொண்டன.

ஓராண்டின் இறுதியில் அலமாரியைத் தூய்மை செய்யும்போது பழைய நாட்குறிப்பேடுகள் ஒன்பது அகப்பட்டன. அவற்றின் முதற்பக்கங்களை வரிசையாக விரித்து வைத்தோம். ஒன்பதிலும் 'சினம் தவிர்த்தல்' இருந்தது. சில ஆண்டுகளில் நான்காவதாக இருந்தது. சில ஆண்டுகளில் முதலாவதாக ஏறியிருந்தது. இடம் மாறியதேயன்றி நீங்கவில்லை. நகைப்பு வந்தது. ஆனால் உட்பக்கங்களைப் புரட்டியபோது அந்நகைப்பு நின்றுவிட்டது.

ஒரு நாளின் குறிப்பு

அவ்வேடுகளுள் ஒன்றில் ஆகஸ்டுத் திங்களின் ஒரு நாளுக்கு எதிரே, 'இன்று முதல் வகுப்பு கலகலப்பாக அமைந்தது' என்று எழுதியிருந்தோம். அந்நாள் உடனே நினைவுக்கு வந்தது.

அன்று முதலாம் ஆண்டு மாணவர்க்கு அகத்திணையின் முதற்பொருளை நடத்திக்கொண்டிருந்தோம். வழக்கமாகத் தாமதித்து வரும் மாணவர் ஒருவர் அன்றும் தாமதித்து வந்து வாயிலில் நின்றார். யாம் சினக்கவில்லை. புன்முறுவலோடு, "குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, இவருக்குரிய சிறுபொழுது தாமதம் போலும்!" என்றோம். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார், தலை குனிந்தவாறே கடைசி வரிசையில் சென்று அமர்ந்தார். அதன்பின் எம் வகுப்புகளுக்கு அவர் வருவது குறைந்தது. ஆண்டு முடியுமுன் கல்லூரிக்கு வருவதே நின்றுவிட்டது.

பின்னர் அவருடைய தோழர்கள் வாயிலாகச் செய்தி அறிந்தோம். இரவெல்லாம் காய்கறிச் சந்தையில் லாரிகளிலிருந்து மூட்டை இறக்கிவிட்டு, விடிந்தபின் குளித்து, இரண்டு பேருந்துகள் மாறிக் கல்லூரிக்கு வந்தவர் அவர். யாமமே அவர் உழைத்த பொழுது! பொருந்தாத பொழுதை அவருக்கு வகுத்தளித்து யாம் கைதட்டல் பெற்றோம். அவர் படிப்பை விட்டதற்கு வறுமையே காரணம் என்று தோழர்கள் கூறினர். அஃது உண்மையாக இருக்கலாம். எனினும் முன்பே மூட்டை சுமந்திருந்த முதுகின்மேல் யாமும் ஒரு கல்லை வைத்தோம் என்பதை மறுக்க இயலவில்லை.

அந்தக் கொடுமை நிகழ்ந்த நாளின் பக்கத்தில்தான் 'கலகலப்பாக அமைந்தது' என்று எழுதியிருந்தோம். அவ்வேட்டின் முதற்பக்கத்திலோ 'சினம் தவிர்த்தல்' முதலிடத்தில் இருந்தது. அதனை யாம் மீறவும் இல்லை! எம் குற்றம் சினம் அன்று. பிறரை வைத்து நகைச்சுவை தேடும் நாவின் செருக்கே எம் குற்றம். ஒன்பது ஆண்டுகளும் ஒரு வாயிலில் காவல் நிறுத்திவிட்டு மற்றொரு வாயிலைத் திறந்தே வைத்திருந்தோம். தம்மை உள்ளவாறு பாராமல் எழுதும் உறுதிமொழி, நோயாளியைப் பாராமல் எழுதிய மருந்துச் சீட்டுக்கு ஒப்பாகும்.

நாட்காட்டியை மாற்றிப் பார்த்தோம்

நோய் நாட்காட்டியில் இருக்கிறதோ என்றும் ஒரு முறை ஐயுற்றோம். சனவரி உரோமானியரின் மாதம். ஜானஸ் என்னும் அவர்தம் தெய்வத்தின் பெயரால் அமைந்தது. முன்னும் பின்னும் நோக்கும் இரு முகங்கள் அத்தெய்வத்துக்கு உண்டென்பர். நமக்குரிய புத்தாண்டு முஹர்ரம் முதல் நாளன்றோ? ஆகவே உறுதிமொழிகளை ஹிஜ்ரிப் புத்தாண்டுக்கு மாற்றினோம். ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைக் கணக்கிட்டு வருவது; ஏறத்தாழ 354 நாள்களே கொண்டது; ஆகையால் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள்கள் முந்தி வரும். 2008ஆம் ஆண்டில் சனவரியில் ஒன்றும் டிசம்பர் இறுதியில் ஒன்றுமாக இரண்டு ஹிஜ்ரிப் புத்தாண்டுகள் பிறந்தன. இரு முறை உறுதிமொழி எடுத்தோம். அதனால் இரு மடங்கு நல்லவராகிவிடவில்லை!

எனினும் அம்மாற்றத்தால் ஒரு பயன் விளைந்தது. ஹிஜ்ரத்தின் வரலாற்றை மீண்டும் கருத்தூன்றிப் படிக்க நேர்ந்தது. ஆண்டுக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது என்னும் வினா கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் எழுந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்பும் மறைவும் தொடக்கமாகக் கொள்ளப்படவில்லை. 622ஆம் ஆண்டில் அவர்கள் மக்காவை நீங்கி மதீனா சென்ற நிகழ்ச்சியே கொள்ளப்பட்டது. அந்நிகழ்ச்சியில் எம் உள்ளத்தைத் தொட்ட பகுதி ஒன்றுண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் புறப்பட்ட இரவில் அலீ (ரலி) அவர்கள் மக்காவிலேயே தங்கினார்கள். மக்கள் நம்பி ஒப்படைத்திருந்த அமானிதப் பொருள்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவதே அவர்களுக்கு இடப்பட்ட பணி. உயிருக்கே உலை வைத்த ஊர் அது. அவ்வூராரின் பொருளையும் ஒன்று விடாமல் ஒப்படைத்த பிறகே அவர்கள் மதீனாவை நோக்கி நடந்தார்கள்.

புதிய தொடக்கம் என்பது எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேறில்லை. முன்னே செல்லும் பயணம் ஒருபுறம். பழைய கடனைத் தீர்க்கும் பணி மறுபுறம். யாமோ பழைய கடன்களை எண்ணிப் பாராமலே புதிய ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம்.

வாப்பாவின் பேரேடு

அப்போதுதான் எம் தந்தையாரின் நினைவு வந்தது. வாப்பா சிறிய மளிகைக் கடை ஒன்றை நடத்தி வந்தார்கள். இஷாத் தொழுகை முடிந்து வந்ததும் கடையின் பலகைகளை அடைத்துவிட்டு, ஒரு பலகையை மட்டும் திறந்து வைத்து விளக்கருகே அமர்வார்கள். பகலெல்லாம் சிட்டையில் கிறுக்கியிருந்தவற்றைக் குறிப்பேட்டில் எழுதி, அவரவர் பற்று வரவைப் பேரேட்டில் அவரவர் பக்கத்தில் ஏற்றுவார்கள். பின்னர்க் கல்லாவில் உள்ள பணத்தை எண்ணிக் கையிருப்பைச் சரிபார்ப்பார்கள். எத்துணைக் களைப்பாயினும் அன்றைய கணக்கை அன்றே முடிப்பார்கள். ஒரு வாரம் விட்டுப் பார்ப்போமே என்றால், "இன்று போன காசு இன்று நினைவில் இருக்கும், வெள்ளிக்கிழமை கேட்டால் யாருக்குத் தெரியும்?" என்பார்கள். படிக்கும்போது வரவையே முதலில் படிப்பார்கள், பிறகே செலவு.

ஒருநாள் கணக்கு உதைத்தது. பதினொரு ரூபாய் குறைந்தது. கடையில் வேலை பார்த்த சிறுவன் நடுங்கிப்போய் நின்றான். அவனை வாப்பா ஏறிட்டும் பாராமல், "உதைப்பது கணக்குத்தான் தம்பி, அதற்காக ஆளை உதைக்க வேண்டா. முதலில் நான் எழுதியதைப் பார்ப்போம்" என்றார்கள். வரி வரியாகப் பார்த்ததில், வெல்லச் சிப்பம் இறக்கியதற்குக் கொடுத்த கூலியை வாப்பாவே எழுத மறந்திருந்தது தெரியவந்தது. வீடு திரும்பும் வழியில், "அவனை அதட்டியிருந்தால் விரைவில் தெரிந்திருக்குமே, வாப்பா" என்றோம் யாம். "அதட்டினால் நாளையிலிருந்து அவன் உள்ளதை எழுதமாட்டான், எனக்குப் பிடித்ததை எழுதுவான்" என்றார்கள்.

சிறுவயதில் அச்சொல்லின் ஆழம் விளங்கவில்லை. 'கலகலப்பாக அமைந்தது' என்னும் எம் குறிப்பைப் படித்த அன்றுதான் விளங்கிற்று. முதற்பக்கத்தில் கடுமையான சட்டங்களை எழுதிவைத்து, தவறியபோதெல்லாம் எம்மை யாமே இகழ்ந்துகொண்டிருந்தோம். இகழ்ச்சிக்கு அஞ்சிய நெஞ்சம் எமக்குப் பிடித்ததை எழுதிக் காட்டிற்று. கணக்குக்கு அஞ்சுபவன் பொய்க்கணக்கு எழுதுவான் என்பது கடைக்கு மட்டுமன்றி உள்ளத்துக்கும் பொருந்தும்.

முன்னோர் கண்ட முஹாசபா

வாப்பா கடையில் செய்ததை நம் முன்னோர் வாழ்க்கைக்கும் கூறியுள்ளனர். அரபியில் அதற்கு 'முஹாசபா' என்று பெயர். கணக்குப் பார்த்தல் என்பது பொருள். மறுமையில் கணக்குக் கேட்கப்படுமுன் இம்மையிலேயே நம்மை நாம் கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது உமர் (ரலி) அவர்களின் அறிவுரையாக வழங்கி வருகிறது. பஸராவில் பிறந்து பக்தாதில் வாழ்ந்து 857ஆம் ஆண்டில் மறைந்த ஹாரிஸ் அல்முஹாசிபி (ரஹ்) அவர்களுக்கு இத்தன்னாய்வே பெயராக அமைந்தது. 1111ஆம் ஆண்டில் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் தம் பெருநூலில் இதற்கெனத் தனிப் பகுதி வகுத்துள்ளார்கள். அதில் அவர்கள் எடுத்துக்கொண்ட உவமையும் வணிகமே. மனிதன் வணிகன்; அவன் நெஞ்சம் பங்காளி; வாழ்நாளே முதல். காலையில் பங்காளியோடு ஒப்பந்தம் செய்க, பகலில் கண்காணிக்க, நாளின் இறுதியில் கணக்குப் பார்க்க என்பது அவர்கள் காட்டும் நெறி.

குறை கண்டால் நெஞ்சத்தைக் கண்டிக்கவும் வேண்டும் என்று இமாம் அவர்கள் கூறுவதை யாம் மறைக்கவில்லை. அவ்வாறாயின் மென்மைக்கு அங்கு இடமுண்டோ எனச் சிலர் வினவலாம். பங்காளியைக் கண்டிக்கும் வணிகன் கடையைக் கொளுத்திவிடுவதில்லை. நெஞ்சம் மாற்றிக்கொள்ளக்கூடிய கூட்டாளியன்று. இறுதி மூச்சுவரை அதனோடுதான் வாணிகம். குற்றத்தை மறைக்காமையே கண்டிப்பு. குற்றவாளியைக் கைவிடாமையே மென்மை. இரண்டும் ஒரு கையின் இரு விரல்கள்.

இறைவழிபாட்டிலும் இம்மென்மை வற்புறுத்தப்பட்டுள்ளது. பகலெல்லாம் நோன்பிலும் இரவெல்லாம் தொழுகையிலும் தம்மை வருத்திக்கொண்ட அபூதர்தா (ரலி) அவர்களிடம், இறைவனுக்குரிய உரிமை போலவே உடலுக்கும் இல்லத்தார்க்கும் உரிமை உண்டென ஸல்மான் (ரலி) அவர்கள் எடுத்துரைத்தார்கள். அதனைச் செவியுற்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஸல்மான் கூறியது உண்மையே என்றார்கள். சிறிதாயினும் இடையறாது செய்யப்படும் நற்செயலே இறைவனுக்கு மிக உவப்பானது என்பதும் நபிமொழி. உறுதிமொழிப் பட்டியலின் நீளத்தைக் கண்டு மகிழும் நமக்கு இது நல்ல மருந்து.

தமிழ் மரபுக்கும் இது புதிதன்று. பிறர் குற்றத்தைக் காணும் கண்ணாலேயே தம் குற்றத்தையும் காண வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. காமத்துப்பாலில் 'நெஞ்சொடு கிளத்தல்' என ஓர் அதிகாரமே உண்டு. அங்குத் தலைவி தன் நெஞ்சைத் தோழிபோல் எதிரே நிறுத்திப் பேசுகிறாள், இடித்துரைக்கிறாள், ஆயினும் துரத்திவிடவில்லை. நெஞ்சோடு பேசும் இப்பண்பட்ட முறையை அகத்துறையில் பயிலும் தமிழ் மாணவர், வாழ்க்கைத் துறையிலும் பயிலுதல் தகும்.

மூன்று வினாக்கள்

அதுமுதல் யாம் முதற்பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டோம். இஷாவுக்குப் பின் உறங்கச் செல்லுமுன் சிறிது நேரம் அமர்ந்து மூன்று வினாக்களை மட்டும் நெஞ்சிடம் கேட்கிறோம். இன்று யாரிடமிருந்து என்ன நன்மை பெற்றோம்? இன்று யாருக்குக் கடன்பட்டோம்? நாளைக் காலையில் முதலில் தீர்க்க வேண்டியது எது? வாப்பாவைப் போல வரவையே முதலில் படிக்கிறோம். இறைவனின் அருட்கொடைகளை எண்ணத் தொடங்கினால் உள்ளம் இளகும். இளகிய உள்ளம் உண்மை பேசும்.

கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் சிறியவை. ஒருநாள் இரண்டாம் வினாவுக்கு விடையாக ஒரு தாள் நினைவுக்கு வந்தது. தாம் எழுதிய கவிதையைப் படித்துக் கருத்துக் கூறுமாறு மாணவி ஒருவர் தந்த தாள் அது. மேசை இழுப்பறையில் வைத்து எட்டு நாள்கள் கடந்திருந்தன. அவ்வெட்டு நாளும் அவர் எம்மைத் தாழ்வாரத்தில் கண்டு, கேட்க நினைத்து, கேளாமலே ஒதுங்கிப் போனதும் அப்போதுதான் உறைத்தது. மறுநாட்காலை முதல் வேலையாக அதனைப் படித்து, ஓரத்தில் கருத்தெழுதி, தாமதத்துக்கு வருத்தமும் தெரிவித்துக் கொடுத்தோம். 'மாணவர் படைப்புகளை உடனுக்குடன் படிப்பேன்' என்று ஆண்டின் தொடக்கத்தில் உறுதி பூண்டிருந்தால் அஃது ஒரு வரியாக நின்றிருக்கும். இரவுக் கணக்கோ அதற்கு ஒரு முகத்தையும் மறுநாட்காலை என்னும் கெடுவையும் தந்தது.

எல்லாக் கடனும் இவ்வாறு எளிதில் தீர்ந்துவிடுவதில்லை. இறைவனுக்குச் செய்யத் தவறியதை அவனிடமே மன்னிப்புக் கோரிப் பெறலாம். அவன் அளவற்ற அருளாளன். மனிதர்க்குச் செய்த தீங்கை அம்மனிதரே பொறுத்தருள வேண்டும் என்பது நம் மார்க்கம் கற்பிக்கும் பாடம். தாமதித்து வந்த அம்மாணவரின் முகவரியைத் தேடிப் பிடித்து மடல் எழுதினோம். மறுமொழி வரவில்லை. சந்தையில் விசாரித்தோம், அவர் குடும்பத்தோடு வேறூர் சென்றுவிட்டதாகக் கூறினர். பேரேட்டில் அவர் பக்கம் இன்னும் திறந்தே இருக்கிறது. அதனைக் கிழித்தெறியவும் எமக்கு உரிமையில்லை. அதனைப் பார்த்துப் பார்த்து மாய்ந்துபோகவும் தேவையில்லை. திறந்த பக்கம் என்று அறிந்து வைத்திருக்கிறோம். இரவுதோறும் அவருக்காக துஆச் செய்கிறோம்.

மாணவச் செல்வங்களே! உறுதிமொழி எடுக்க வேண்டா என்று யாம் கூறவில்லை. எடுக்குமுன் ஒரு நாளின் கணக்கை உள்ளவாறு பார்த்துவிடுங்கள் என்றே வேண்டுகிறோம். தேர்வில் தவறிய நாளிலும், தாயிடம் கடுஞ்சொல் கூறிய நாளிலும், தொழுகையைத் தவறவிட்ட நாளிலும் கணக்கை மூடி வைத்துவிடாதீர்கள். அந்நாளிலும் வரவு உண்டு. முதலில் அதனைப் படியுங்கள். பிறகு குறையைப் பாருங்கள். உங்கள் நெஞ்சம் அந்தக் கடைச் சிறுவனைப் போல நடுங்கி நிற்குமானால் அதனை அதட்டாதீர்கள். அருகில் அமர்த்தி வரி வரியாகப் பாருங்கள். பிள்ளைகளின் கணக்கைக் கேட்கும் பெற்றோரும் பெரியோரும் இதனை மனங்கொள்வார்களாக.

இப்போதும் எம் முதல் வகுப்புக்கு எவரேனும் தாமதித்து வருவதுண்டு. வாயிலில் நிற்பவரை நோக்கி யாம் ஒன்றும் உரைப்பதில்லை. முன்வரிசையில் உள்ள இடத்தைக் கையால் காட்டிவிட்டு, பாடத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறோம்.

கணக்கை நேர்மையாகப் பார்க்கும் துணிவையும், கண்ட குறையைத் தீர்க்கும் காலத்தையும், தீராத கடன்களுக்கு உரியோரின் பொறுத்தருளலையும் எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் வழங்கியருள்வானாக! ஆமீன்.